சில்வராடோவைத் தாழ்த்தினால் வளைவில் நன்றாகத் திரும்புமா? 2/4 போதுமா, 4/6 வேண்டுமா?

டெக்சாஸ்_பிக்கப்

வணக்கம் நண்பர்களே. 2004 செவர்லே சில்வராடோ 1500 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரெகுலர் கேப் (ஒரே வரிசை இருக்கை), ஷார்ட் பெட் (குட்டையான சரக்குத் தொட்டி), 5.3 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை மட்டும். இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவு வந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆஸ்டினிலிருந்து மேற்கே ஹில் கன்ட்ரிக்குள் போனால் லேக்கி என்ற சின்ன ஊரைச் சுற்றி 335, 336, 337 என்று மூன்று ரான்ச் ரோடுகள் இருக்கின்றன. ‘ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்’ என்பார்கள். அங்கே இந்த வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், முதலில் உடம்பு சாய்கிறது, சாய்ந்து முடித்த பிறகுதான் மூக்கு திரும்புகிறது. தொட்டி காலியாக இருக்கும்போது வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் பின்பக்கம் துள்ளி, தள்ளிப் போய் உட்காருகிறது.

தாழ்த்தலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கடைகளில் 2/4 என்கிறார்கள், 4/6 என்கிறார்கள் (முன்னே இத்தனை அங்குலம், பின்னே இத்தனை அங்குலம்). ஓட்டத்துக்கு எது நல்லது? அவ்வப்போது மரப்பலகை, மண் மூட்டை ஏற்றுவேன். அது நின்றுபோகக் கூடாது.

லோரைடர்_ராசா

4/6 போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். ரெகுலர் கேப் ஷார்ட் பெட்டுக்கு அதுதான் அழகு. 20 அங்குல வீல் போட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ரெண்டு விரல் மட்டும் நுழையணும். தாழ்வாக இருந்தால் ஓட்டம் தானாக வரும்.

கமான்பட்டை

தானாக வராது தம்பி. அழகுக்காக இறக்குகிறேன் என்று சொல்லுங்கள், அது நியாயமான ஆசை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கேள்வி ஓட்டத்தைப் பற்றியது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறுகிறது? வண்டியின் எடை, பக்கவாட்டு முடுக்கம், புவியீர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தால் வகுக்க வேண்டும். இந்த வண்டியை ஏறத்தாழ 2,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மைய உயரம் 70 செ.மீ., சக்கர அகலம் 165 செ.மீ., வளைவில் 0.7 ஜி. வருவது சுமார் 594 கிலோ. இப்போது 2/4 போட்டு மையம் 5 செ.மீ. இறங்கியது என்றால் 551 கிலோ. அதாவது 7 சதவீதம்தான் குறைகிறது. சக்கரமும் ஆக்ஸிலும் இறங்குவதில்லை, மேலே இருப்பதுதான் இறங்குகிறது. அதனால் நீங்கள் இறக்கிய அளவு முழுக்க மையத்தில் தெரியாது.

கவிழும் பயத்துக்கு இது கைகொடுக்கும், மறுக்கவில்லை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ கொடுக்கும் கவிழ்வு மதிப்பீடே சக்கர அகலத்தை மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்து வரும் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. மேலே உள்ள கணக்கின்படி அது 1.18-லிருந்து 1.27 ஆகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் உயரம் இல்லை. மூக்கு தாமதமாகத் திரும்புவது டயரின் பக்கச்சுவர், தேய்ந்த ஷாக் (துள்ளலை அடக்கும் குழாய்), மெல்லிய ஸ்வே பார் (சாய்வை அடக்கும் குறுக்குத் தண்டு), பழைய புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. பின்பக்கம் துள்ளுவது அரை டன் சுமைக்காகக் கட்டிய கமான் பட்டை (பின்பக்கம் ஸ்பிரிங்காக இருக்கும் வளைந்த இரும்புப் பட்டை) வெறும் தொட்டியோடு ஓடுவதால் வருவது. அதற்கு முதல் மருந்து நல்ல ஷாக்.

டெக்சாஸ்_பிக்கப்

அப்படியானால் தாழ்த்தவே வேண்டாம் என்கிறீர்களா அண்ணா?

கமான்பட்டை

இல்லை. தாழ்த்துங்கள், ஆனால் எப்படித் தாழ்த்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முன்பக்கம் உங்களுக்குக் காயில் ஸ்பிரிங், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம் மேலே ஒன்று, கீழே ஒன்று. மலிவான வழி, ஸ்பிரிங்கைக் குட்டையாக்குவது. அப்படிச் செய்தால் கீழ் ஆர்மின் வெளி நுனி மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். உடனே ‘ரோல் சென்டர்’ என்று சொல்லும் புள்ளி, அதாவது உடம்பு எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, சட்டென்று கீழே போகும். மையம் 2 அங்குலம் இறங்கினால் இது அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட, உடம்பைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய விரும்பும்! அதை அடக்கக் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும், கெட்டியான ஸ்பிரிங் வந்தால் ஷாக் ஈடுகொடுக்காது. சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் கோணமும் மாறும். அப்புறம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

இன்னொரு வழி, டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டும் அச்சு மட்டும் 2 அங்குலம் மேலே ஏற்றி வார்க்கப்பட்டிருக்கும். ஆர்மோடு சேரும் பால் ஜாயிண்ட் இரண்டும் பழைய இடத்திலேயே, ஆர்ம்கள் பழைய கோணத்திலேயே, ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்கே. ஆனால் வண்டி 2 அங்குலம் கீழே. கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷன் பயணமும் முழுசாக மிஞ்சும். விலை கூடுதல்தான், பரவாயில்லை. உங்களுக்கு 4 அங்குலம் வேண்டுமென்றால் ஸ்பிண்டிலோடு ஸ்பிரிங்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும். அதனால்தான் 2-இல் நிறுத்துங்கள் என்கிறேன். வாங்கும் முன் வீல் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சில ஸ்பிண்டிலுக்குச் சின்ன வீல் உள்ளே இடிக்கும்.

பின்பக்கத்துக்கு, பட்டையின் நுனிகளைச் சேசிஸில் பிடிக்கும் ஷாக்கிள், ஹேங்கர் இரண்டையும் மாற்றி 3 அல்லது 4 அங்குலம் இறக்கலாம். ஆறு வேண்டுமென்றால் ஃபிளிப் கிட். இப்போது ஆக்ஸில் பட்டைக்குக் கீழே தொங்குகிறது. அதை எடுத்துப் பட்டையின் மேலே உட்கார வைப்பதுதான் ஃபிளிப். அப்போது ஆக்ஸில் சேசிஸை முட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சேசிஸில் அரைவட்டமாக வெட்டி, தடித்த இரும்புச் சட்டம் வைத்து வலுப்படுத்த வேண்டும். அதற்கு ‘சி-நாட்ச்’ என்று பெயர். வெட்டத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் மண் மூட்டை ஏற்றும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

லோரைடர்_ராசா

அண்ணே, ஏர் பேக் இருக்கே! ஓட்டும்போது ஒரு உயரம், நிறுத்தினால் தரையில் உட்காரும், சுமை ஏற்றினால் காற்று கூட்டிக்கலாம். எல்லாருக்கும் சமாதானம்.

கமான்பட்டை

நல்ல ஏர் செட்டப் நன்றாகவே ஓடும், அது உண்மை. ஆனால் காற்றுப் பை, கம்ப்ரஸர், டேங்க், வால்வு, உயர சென்சார், கூடவே பின்பக்கத்துக்கு இணைப்புத் தண்டுகள் என்று பட்டியல் நீளும். அந்தப் பணத்தில் பாதியில் இவர் கேட்ட ஓட்டம் கிடைத்துவிடும். நிறுத்தும்போது தரையில் உட்கார வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே.

ஸ்கார்பரோ_பெடியன்

டெக்சாஸ் அண்ணைக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அங்கே உங்களுக்குத் துரு இல்லை, கொடுத்துவைத்தனீங்கள். இங்கே ரொறன்ரோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். என்னுடைய இதே மொடல் வண்டியில் ஹேங்கரைக் கழற்றப் போனால் நட்டு எது, துரு எது என்று தெரியாமல் கிடந்தது.

இரண்டு குறிப்பு. ஒன்று, பின் ஹேங்கர் போல்டில் இல்லை, ரிவெட்டில் இருக்கும். ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் சீவி, உடலை நடுவில் துளையிட்டு, ஏர் ஹாமரால் அடித்து வெளியே தள்ளவேண்டும். தலை போனதும் ரிவெட் விழுந்துவிடும் என்று நினைக்காதேயுங்கோ. சேசிஸ் துவாரத்துக்குள் ஊதிப் பெருத்து இறுகியிருக்கும். டிரைவர் பக்கம் பெற்றோல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது. கிரைண்டர் பொறி அதன் மேல் பறக்கும். டாங்கை இறக்கி வைத்துவிட்டுச் செய்வதுதான் புத்தி. குறைந்தது ஈரக் கோணி, வெல்டிங் போர்வை போட்டு மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கோ.

இரண்டு, ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதேயுங்கோ, புதுசு வாங்குங்கோ. ஒருமுறை இறுக்கியது நீண்டுவிடும். புதுசையும் கொஞ்ச தூரம் ஓடியபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கவேண்டும்.

துபாய்_ஒர்க்ஷாப்

இங்கே ஹைலக்ஸ்தான் அதிகம் வரும். சில்வராடோவுக்குப் பொருந்தாது, ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது ஹைலக்ஸைத் தாழ்த்தப் போகலாம் என்பதால் சொல்கிறேன்.

பல ஹைலக்ஸ்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு தண்டு போகும். மேலே அது ஒரு பிரேக் வால்வில் சேரும். சுமை ஏறினால் சேசிஸ் இறங்கும், தண்டு வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக இருந்தால் அழுத்தம் குறையும். வண்டியைத் தாழ்த்தி, இந்தத் தண்டைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? தொட்டி நிறையச் சரக்கு இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். காலி வண்டியில் பின் பிரேக் முழு அழுத்தத்தில் பிடிக்கும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி என்றால் மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். தாழ்த்திய அளவுக்குத் தண்டின் பிராக்கெட்டையும் நகர்த்த வேண்டும். தாழ்த்திய வண்டிகள் எங்களிடம் வரும்போது முதலில் நான் குனிந்து பார்ப்பது இதைத்தான். பல வண்டிகளில் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

கோவை_டீசல்

சார், கோவையில் இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறேன். முன்பக்கம் மட்டும் ஒரு 2 அங்குலம் இறக்கலாமா?

கமான்பட்டை

நம்ம ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். இதெல்லாம் போக, நம்ம ஊர் வேகத்தடையை நினைத்துப் பாருங்கள். நல்ல ஷாக்கும் நல்ல ரோடு டயரும் போட்டுப் பாருங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் வேறு எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. டயர் காற்றுப் போனாலும் சேசிஸ் ரோட்டில் உரசக் கூடாது என்பதுதான் கணக்கு.

பழைய_ஷெவி

நடுவில் புகுந்து கொஞ்சம் பழங்கதை. கம்பெனிகளே தாழ்த்தி விற்ற வண்டிகளைப் பார்த்தாலே எது சரியான அளவு என்று புரியும்.

1991 ஜிஎம்சி சைக்ளோன். 4.3 லிட்டர் டர்போ வி6, 280 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. சுமார் 3,000 வண்டிகள்தான் செய்தார்கள். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதை ஃபெராரி 348-க்குப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தது. ஆனால் சுமக்கும் அளவு 500 பவுண்டு மட்டும். இரண்டு பேர் ஏறினாலே பாதிக்கு மேல் தீர்ந்துபோகும்! தாழ்த்தி, மென்மையாக்கி, வேகமாக்கினால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2005-இல் டொயோட்டா டகோமா எக்ஸ்-ரன்னர் வந்தது. 4 லிட்டர் வி6, ஆறு கியர் மேனுவல். தாழ்த்தியதோடு விடாமல் சேசிஸுக்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் இரும்புச் சட்டம் கொடுத்தார்கள். பெயரே அதிலிருந்து வந்ததுதான். சேசிஸ் முறுக்கினால் ஸ்பிரிங், ஷாக் எதைப் போட்டாலும் வீண் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது 2025 ஃபோர்டு மாவெரிக் லோபோ. முன்னே அரை அங்குலம், பின்னே ஒரு அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான் இறக்கியிருக்கிறார்கள். இவர்களிடம் இன்ஜினியர் பஞ்சமா என்ன? 4/6 போடவில்லை.

இன்னொன்று. 1960 முதல் 1972 வரை வந்த ஷெவி சி10 பிக்கப்பில் பின்னால் இரண்டு நீளமான தண்டும் காயில் ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த அமைப்பைத்தான் நாஸ்கார் ரேஸ் கார்கள் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. ‘டிரக் ஆர்ம்’ என்றே அங்கே பெயர். நாஸ்காரின் முதன்மையான கப் பந்தயத்தில் 2022-இல்தான் அதை மாற்றினார்கள். பிக்கப் என்றால் ஓடாது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

லோரைடர்_ராசா

சைக்ளோன் அழகான வண்டி. ஆனால் அது தாழ்வாக இருப்பதால்தான் அழகு என்பதை யாரும் ஒத்துக்க மாட்டேங்கறீங்க.

டெக்சாஸ்_பிக்கப்

சரி, முடிவு செய்துவிட்டேன். முன்னே 2 அங்குல ஸ்பிண்டில், பின்னே 3 அங்குலம். டயர் பற்றிச் சொல்லுங்கள். இப்போது 245/75 ஆர்16 இருக்கிறது.

கமான்பட்டை

அதன் பக்கச்சுவர் 18 செ.மீ.க்கு மேல். ஸ்டீயரிங் திருப்பியதும் முதலில் அதுதான் மடங்குகிறது. 265/60 ஆர்18 போட்டால் பக்கச்சுவர் 16 செ.மீ. ஆகிவிடும். மொத்த விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 20 அங்குலம் போனால் வீல் எடை கூடும், அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, துள்ளல்தான் அதிகமாகும். டயரின் சுமை எண்ணைப் பாருங்கள். கார் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது அதில் எழுதியிருக்கும் சுமையை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஷாக், தாழ்த்திய உயரத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். முக்கியமாகப் பின்பக்கம். பழைய நீளத்து ஷாக் பாதி உள்ளே போன நிலையிலேயே நிற்கும். ஒரு பள்ளத்தில் அடிவரை போய் முட்டி, சீல் உடைந்து எண்ணெய் கசியும்.

பம்ப் ஸ்டாப்பை, அதாவது ஆக்ஸில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பரை, மறக்காதீர்கள். பின்னே 3 அங்குலம் இறக்கிவிட்டுப் பழைய ரப்பரை அப்படியே விட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே அதன் பக்கத்தில் வந்துவிடும். வளைவில் வெளிப்பக்கம் ரப்பரில் உட்கார்ந்த அந்த நொடியில் ஸ்பிரிங் திடீரென்று கல்லாகிவிடும், பின்சக்கரம் பிடி விடும். தாழ்த்திய பிக்கப் வளைவில் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்குகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். உயரம் குறைந்த ரப்பர் போடுங்கள்.

உங்கள் வண்டியில் பின் ஸ்வே பார் இருக்காது, குனிந்து பாருங்கள். ஒன்று வாங்கிப் போடுங்கள். ஆனால் ரொம்பத் தடித்தது வேண்டாம், காலித் தொட்டியோடு மழையில் பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும்.

ஸ்கார்பரோ_பெடியன்

ஆர்ம் போல்ட் இறுக்குவதையும் சொல்லுங்கோ அண்ணை. அதிலேதான் எல்லோரும் கோட்டை விடுகினம்.

கமான்பட்டை

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது ஷாக்கிள், ஆர்ம் போல்ட்களை முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுக்கியபடியே நிற்கும். உயரமும் சரியாக வராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கையால் முடுக்கிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நாலு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச்.

டெக்சாஸ்_பிக்கப்

வேலை முடிந்தது. டேங்கை இறக்கித்தான் செய்தோம், நன்றி ஸ்கார்பரோ. மூக்கு இப்போது சொன்னதும் திரும்புகிறது. ஆனால் புதுசாக ஒன்று: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு, 20 மைல் வேகம் தாண்டினால் போய்விடுகிறது. எதிரே வருகிறவர்களும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்.

கமான்பட்டை

அதிர்வுக்குக் காரணம், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம். பின்பக்கத்தை இறக்கும்போது ஆக்ஸிலின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் இடம்) திரும்பிவிடுகிறது. காந்தம் ஒட்டும் கோணமானி ஒன்று வாங்கி, கியர்பாக்ஸின் பின் தண்டையும் ஆக்ஸிலின் மூக்கையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வர வேண்டும். கமான் பட்டை வண்டியில் ஆக்ஸிலின் மூக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி கீழ்நோக்கி இருந்தால் இன்னும் நல்லது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பட்டை முறுக்கி அதைத் தூக்கிவிடும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். 2 டிகிரி ஷிம்மிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், அளந்துவிட்டு வாங்குங்கள்.

எதிர் வண்டிக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. முன்னே 2, பின்னே 3 என்றால் மூக்கு முன்பைவிட மேலே பார்க்கிறது. சுவரில் வெளிச்சம் அடித்து ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள்.

அலைன்மென்ட் செய்தீர்களா? ஸ்பிண்டில் மாற்றியதும் டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு) மைனஸ் அரை டிகிரி, கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) கிடைக்கும்வரை, 4 டிகிரி வந்தால் சந்தோஷம், டோ லேசாக உள்ளே. கடைக்காரர் திரையில் பச்சை வந்தால் போதும் என்பார். நீங்கள் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

டெக்சாஸ்_பிக்கப்

அலைன்மென்ட் நாளை. ஷிம் ஆர்டர் போட்டாயிற்று. மண் மூட்டை ஏற்றிப் பார்த்தேன், பின்பக்கம் ரப்பரைத் தொடவில்லை.

ஸ்கார்பரோ_பெடியன்

கழற்றிய பழைய ஹேங்கரையும் ஸ்பிண்டிலையும் என்ன செய்யப்போகிறீர்கள் அண்ணை? துருப்பிடிக்காத டெக்சாஸ் சாமான் எனக்கு இங்கே தங்கம்.

டெக்சாஸ்_பிக்கப்

ஹேங்கர் கிரைண்டரில் அடிபட்டுவிட்டது, அதை விடுங்கள். ஸ்பிண்டில் இரண்டும் நன்றாக இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பார்சல் செலவு மட்டும் உங்களுடையது. இரும்பு, எடை பார்த்துக்கொள்ளுங்கள்.